படம் பெற்ற தலம்

முதல் தடவை இழுபட்டபோது தங்கபுஷ்பம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவிய பாதி மூடி அடுக்களைத் தரையில் உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நிற்பதற்குள், அவள் பதினோரு நிமிட நடைக்கு அப்பால் இருக்கிற நண்டூரணி பஸ் நிறுத்தத்தில் பச்சைச் சேலையும் கையில் தூக்குவாளியுமாக நின்று, கடல் பக்கம் முகத்தைத் திருப்பி, நாலு வினாடி பார்த்துவிட்டு, விடுபட்டாள். விடுபட்டதும் வாளியைக் காணோம், பச்சைச் சேலையைக் காணோம், வீட்டில் போட்டிருந்த பூப்போட்ட நைட்டிதான் உடம்பில் இருந்தது. மேலே போட்டுக்கொள்ள ஒரு துண்டுகூட இல்லாமல் நடுரோட்டில் நிற்கிறோமே என்ற கூச்சத்தைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அந்நேரம் வந்து நின்ற திருச்செந்தூர் வண்டியின் படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் சுடலைமணி, "ஏறுதியளா, இல்ல வேடிக்கை பாக்கியளா? வண்டி போணும்லா!" என்றான். "மாவு ஆட்டணும்" என்று அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு, வேலியோரமாக ஒதுங்கி ஒதுங்கி வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் இரண்டு தடவை இழுபட்டாள். அடுத்த நாள் இல்லை. வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தெருவுக்கு இட்லி மாவு அளந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது இழுபட்டு, கையிலிருந்த அகப்பை மாவு வாங்க வந்தவளின் பாத்திரத்தில் விழ, வந்தவள் அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, மாவு சரியாகத்தான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை அளந்து பார்த்துக்கொண்டு போனாள். நண்டூரணி இதற்கெல்லாம் மலைக்கிற ஊர் இல்லை. ஒரு ஐப்பசியில் கடல் மூன்று நாள் பின்வாங்கிப்போய், நாலாம் நாள் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி வந்த ஊர் அது. தங்கபுஷ்பம் எப்படி இழுபடுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு இழுபடுவாள் என்றுதான் கேட்டார்கள், மாவு வாங்க வருகிறவர்கள் அலையக் கூடாதே என்று.

காரணம் தெரிய ஒரு மாதம் ஆனது. முதுகில் பையும் முகத்தில் வெயில் கொப்புளமுமாக இரண்டு ஜப்பான்காரப் பையன்கள் திருச்செந்தூர் வண்டியிலிருந்து இறங்கி, நிறுத்தத்துக்கு எதிரே நின்று, செல்போனை உயரப் பிடித்து, ஒரு கார்ட்டூன் படத்தை ஓட்டினார்கள். ஓட்டிய மாத்திரத்தில் தங்கபுஷ்பம் அங்கே நின்றாள். போனுக்குள்ளும் அவள்தான், போனுக்கு வெளியேயும் அவள்தான்; அதே சேலை, அதே வாளி, கடல் காற்றில் அதே முந்தானை. பையன்கள் அழுதேவிட்டார்கள். சுடலைமணி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "மைனி, ஒங்கள வரைஞ்சிருக்கானுவ" என்று தீர்ப்புச் சொன்னான்.

நிழலைத் தொலைத்த ஒரு பள்ளிக்கூடப் பெண் அதைத் தேடி ஊர் ஊராகப் போகிற தொடராம். பன்னிரண்டு பகுதி, பன்னிரண்டு ஊர். பதினோரு ஊர் ஜப்பானில்: ஒரு பழைய மேம்பாலம், மூடிக்கிடக்கிற ஒரு குளியல் மடம், கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டு, ரயில்வே கேட் என்று வரிசையாக. ஏழாவது ஊர் மட்டும் கடல் தாண்டி நண்டூரணி. போன வருஷம் தொப்பி போட்ட ஒரு ஜப்பான்காரர் இரண்டு நாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனது அப்போதுதான் ஊருக்கு ஞாபகம் வந்தது. அவர் எடுத்த அன்றைக்கு, செருப்பு வார் அறுந்து, ஒற்றைச் செருப்போடு நிறுத்தத்தின் நிழலில் நின்றவள் தங்கபுஷ்பம். அந்தப் பள்ளிக்கூடப் பெண் சாலையைக் கடக்கும்போது பின்னால் நாலு வினாடி அவள் நிற்கிறாள், கடலைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். வசனம்கூடக் கிடையாது. அந்த நாலு வினாடியை உலகத்தின் எந்த மூலையில் யார் பார்த்தாலும் அவள் அங்கே போய் நின்றாக வேண்டும்.

பார்க்கிறவர்கள் கூடினார்கள். பெரிய தொடர் ஒன்றுமில்லை, சின்னத் தொடர்தான். ஆனால் சின்னத் தொடரை விரும்புகிறவர்கள் பெரிய கோயிலுக்குப் போகிறவர்களைவிடப் பிடிவாதக்காரர்கள். பன்னிரண்டு ஊரையும் பார்த்தால்தான் பார்த்த கணக்கு என்று புறப்பட்டு, ஒசாகாவிலிருந்தும் தைபேயிலிருந்தும், பெங்களூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாகப் போனைத் தூக்கி, படத்தில் உள்ள கோணமும் நேரில் உள்ள கோணமும் ஒன்றுதானா என்று அந்த நாலு வினாடியை ஓட்டிப் பொருத்திப் பார்ப்பார்கள். அதுதான் அவர்கள் வழிபாடு. ஓட்டினால் அவள் வந்து நிற்பாள். அதனால், வந்தவர்கள் எல்லாரும் அவள் எந்நேரமும் அங்கேயே நிற்கிறாள் என்று நம்பிக்கொண்டு போனார்கள். போட்டோ நன்றாக வர வேண்டும் என்று சிலர் படத்தை அப்படியே நிறுத்திவைப்பார்கள். நிறுத்தினால் அவளும் நின்றுவிடுவாள், முந்தானை காற்றில் விறைத்து நிற்க, இமைகூட அசையாமல், அவர்கள் மறுபடி ஓட்டும்வரை.

வாளிக்குள் என்ன இருக்கிறது என்பதில் அவர்களுக்குள் நாலு கட்சி. ஒரு கட்சி, இறந்துபோன காதலனின் சாம்பல் என்றது. ஒரு கட்சி, அந்தப் பெண் தொலைத்த நிழல்தான் உள்ளே என்றது. மூன்றாம் கட்சி, வாளி காலி, அதுதான் அதன் தத்துவம் என்றது. நாலாம் கட்சி மற்ற மூன்று கட்சியையும் திட்டுவதற்காக இருந்தது. நேரிலேயே கேட்டுவிட்ட ஒரு தைபே பெண்ணிடம் தங்கபுஷ்பம் "மாவு" என்றாள். அதைக் கேட்டு மறுநாளே ஐந்தாவது கட்சி உண்டாகி, மாவு என்பது மனித வாழ்க்கையைக் குறிக்கிறது என்றது.

ஊராட்சித் தலைவர் வயலட் அம்மா. ஆனால் மைக் பிடிப்பது எப்போதும் அவள் புருஷன் ஞானதுரைதான். "பேரன்புமிக்க பொதுமக்களே! தலைவர் சார்பாகத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், பாடல் பெற்ற தலங்கள் எத்தனையோ உண்டு, படம் பெற்ற தலம் நம்முடைய நண்டூரணி ஒன்றுதான்! எனவே நிறுத்தத்தைச் சுற்றி யாரும் கருவாடு காயப்போட வேண்டாம்!" என்று அவர் முழங்கியது நடுக்கடல் வரை கேட்டது. ஊர் கோயில் கண்ட ஊர். தலம் என்றால் என்ன வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நின்ற உடைமரம் தலவிருட்சம் ஆயிற்று. வாளி வடிவத்தில் சாவிக்கொத்து வந்தது. தல வரலாறு அச்சடித்து, அதில் தங்கபுஷ்பத்தின் பிறந்த நட்சத்திரத்தைப் போட்டார்கள். பரோட்டாக் கடையில் நூடுல்ஸ் வந்து, நூடுல்ஸில் சால்னா வந்து, வந்தவர்கள் அதைச் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வழியக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் தங்கபுஷ்பத்துக்குப் பெரிய சங்கடம். "மைனி, கால் வலிக்குதா, ஸ்டூல் போடவா?" என்று கேட்பார்கள். "படத்துல ஸ்டூல் இல்லியே" என்று அவர்களே வருத்தப்பட்டுக்கொள்வார்கள். அவளோ வாழ்க்கையை நிமிஷத்தால் அளக்கக் கற்றுக்கொண்டாள். இரண்டு இழுப்புக்கு நடுவே எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ அவ்வளவு தூரம்தான் உலகம். முதலில் உலகம் தூத்துக்குடி சந்தை வரைக்கும் இருந்தது. அப்புறம் ரேஷன் கடை வரைக்கும். அந்த வருஷம் முடிவதற்குள் வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு பதினோரு நிமிட நடையாகச் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் சுபாவுக்கு ஏழாம் மாதம் நடந்தது.

சுபா அவளுடைய ஒரே மகள். தகப்பன் போய்ப் பன்னிரண்டு வருஷம். திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று பேசி, மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தாள் தங்கபுஷ்பம். ஆனால் திருப்பூர் டாக்டரம்மா, "பிரஷர் ஏறி ஏறி இறங்குது. ஏழு மணி நேரம் பஸ்ல ஆட்டிக் கூட்டிப்போனா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டாள். மகள் வர முடியாது என்றால் தாய் போக வேண்டும். தாய் போவதற்கு ஏழு மணி நேரம், உலகத்தில் ஒருவரும் அந்த நாலு வினாடியைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

"எம்மா, நான் ஒரு தடவைகூட அந்தப் படத்தப் பாத்ததில்ல தெரியுமா" என்றாள் சுபா போனில். "இங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைய எல்லாம், ஒங்கம்மைய காட்டுதேன் வாங்கக்கான்னு கூப்பிடும். நான் பாத்தா நீ அடுப்ப விட்டுட்டு ஓடணுமேன்னு பாக்க மாட்டேன். உலகத்துல உள்ளவன்லாம் ஒன்னப் பாக்கான். நான் மட்டும் பாக்கல."

"நான் வாரேன்ட்டி."

"எப்படி வருவ?"

"வாரேன்னு சொல்லுதம்லா."

எப்படி என்று தெரியாமலேதான் சொன்னாள். வழியைக் கண்டுபிடித்தது சாயோகோ. அவள் ஜப்பானில் ஏதோ ஒரு சின்ன ஊர்த் தபாலாபீஸில் வேலை பார்க்கிறவள். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். மற்றவர்கள் ஒரு நாளில் திரும்பிவிட, இவள் மட்டும் பரோட்டாக் கடை மாடியில் அறை எடுத்துத் தங்கிவிட்டாள். அவள் ஜப்பானிய மொழியில் முணுமுணுத்தால், அவள் போன் அதைத் தமிழாக்கிப் பழைய நாடகத்து ராஜா மாதிரி பேசும். "மதிப்பிற்குரிய தாயே, கவலை கொள்ளற்க. ரசிகர்கள் அன்புடையோர். வேண்டுகோள் விடுப்போம்" என்றது போன்.

"கவலை கொள்ளற்கவா! ஏட்டி, ஒன் போனு எங்க தமிழ் வாத்தியார முழுங்கிட்டோ?" என்று தங்கபுஷ்பம் சிரித்தது அந்த மாதத்திலேயே அன்றைக்கு ஒரு நாள்தான்.

வேண்டுகோள் போயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை இந்திய நேரம் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, அன்பர்களே, தயவுசெய்து யாரும் ஏழாம் பகுதியைப் பார்க்காதீர்கள், அந்தத் தாய் மகளிடம் போக வேண்டும் என்று ஒன்பது மொழிகளில். ரசிகர்கள் நெகிழ்ந்துபோனார்கள். சத்தியம் செய்தார்கள். போட்டி போட்டுக்கொண்டு பரப்பினார்கள். ஊரிலும் ஞானதுரை மைக்கைப் பிடித்தார்: "பேரன்புமிக்க பொதுமக்களே! ஞாயிற்றுக்கிழமை எவனாவது செல்லுல படம் ஓட்டுனான்னு தலைவருக்குத் தகவல் வந்துச்சு, தண்ணிக் கனெக்‌ஷன் கட்!"

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு சுடலைமணி அவளைக் கைபிடித்து ஏற்றி ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தான். மடியில் ஒரு பை: கருப்பட்டி, பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப் பொடி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி. தூத்துக்குடியில் வண்டி மாறினாள். எட்டயபுரம் வந்தது, இழுபடவில்லை. கோவில்பட்டி வந்தது, இழுபடவில்லை. பருத்திக் காட்டையும் காற்றாடிகளையும், ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்த ஒரு கிழவரையும் பார்த்தாள். கடலைத் தவிர வேறொன்றைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்குக் கண் நிறைந்தது. அந்த நேரம் உலகத்தில் எத்தனையோ பேர் கையைக் கட்டிக்கொண்டு, பார்க்காமல், மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் வேண்டுகோள் ரசிகர்களோடு நிற்கவில்லை. அன்பு மிகுதியில் அவர்கள் பரப்பிய வேகத்தில், தொடரின் பெயரே கேள்விப்படாதவர்கள் கையிலும் அது போய் விழுந்தது. யாரோ ஒரு தாயாம், ஏதோ நாலு வினாடியாம், பார்க்கவே கூடாதாம். சாத்தூர் தாண்டும்போது, எந்த ஊரிலோ யாரோ ஒருத்தர், அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்தார்.

பை சீட்டில் இருந்தது. தங்கபுஷ்பம் நண்டூரணியில் நின்றாள்.

ஒருவர் பார்த்ததை நூறு பேர் பார்த்து, நூறு பேரை ஆயிரம் பேர் பார்த்து, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நிமிஷத்துக்கு ஒரு தடவை அவள் முகம் கடல் பக்கம் திரும்பியது. பையை அந்த வண்டிக் கண்டக்டர் பத்திரமாகக் கொண்டுபோய்த் திருப்பூரில் மருமகனிடம் சேர்த்தார். தாய் இல்லாமல் தனியாக வந்து இறங்கிய அந்தப் பையைச் சுபா மூன்று நாள் பிரிக்கவில்லையாம்.

அதன்பிறகு வீட்டுக்கு நடந்து போவதுகூட இல்லையென்று ஆகிவிட்டது. நாலு எட்டு வைப்பதற்குள் இழுப்பு வந்துவிடும். ஊர் கூடிப் பேசி, நிறுத்தத்துக்குப் பின்னால் கட்டில் போட்டது, மறைப்புக் கட்டியது, கம்பத்திலிருந்து ஒயர் இழுத்து மாவு கிரைண்டரைக் கொண்டுவந்து வைத்தது. ஞானதுரை மெய்யாகவே கண்கலங்கி, "என்னக்கா செய்ய? எங்கனயோ உக்காந்து பாக்கிறவன எப்படித் தடுக்க?" என்றார், கலங்கிய கண்ணோடே போய் மதுரையிலிருந்து வந்த வேனுக்குப் பார்க்கிங் காட்டினார். சாயோகோ கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தங்கபுஷ்பத்துக்குப் பாதம் பிடித்துவிட்டாள். நிமிஷத்துக்கொரு தடவை பாதம் கையிலிருந்து மறைந்து, எட்டடி தள்ளி நின்று, நடந்து திரும்பி வந்தது.

"என் தந்தையும் இவ்வாறே" என்றது அவள் போன், ஒரு மத்தியானம்.

"எவ்வாறே?"

"முதலாம் ஊரின் மேம்பாலத்தில் மிதிவண்டி ஓட்டுபவர் அவர். அவருக்குப் பதினாறு வினாடிகள்."

"அட ஆண்டவரே. பதினாறா!"

"எங்கள் ஊர் அவருக்கு ஒரு பெஞ்சு அளித்துள்ளது. நல்ல ஊர். என் திருமண மண்டபத்திற்கு வர அவருக்கு நாற்பது நிமிடங்கள் தேவைப்பட்டன. கிடைக்கவில்லை. ஆகவே மேம்பாலத்தின் மீது திருமணம் நடத்தினோம். மற்ற ஊர்களில் உள்ளோர் எவ்வாறு சமாளிக்கின்றனர் என்று கண்டு வருமாறு அவர் என்னை அனுப்பினார்."

தங்கபுஷ்பம் அவளையே பார்த்தாள். நாலு வினாடி கடலைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். "கலியாணத்த பாலத்துல வைக்கலாம் மக்கா" என்றாள். "பிரசவத்த பஸ் ஸ்டாப்புல வைக்க முடியுமா?"

போன் அதை ஜப்பானிய மொழியில் சொல்லி முடித்தது. சாயோகோ போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பாதத்தைப் பிடித்தாள்.

மாதம் நிறைந்து, கடைசியாகச் சுபா பேசியது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். போனைக் கையில் பிடித்தால் இழுப்பில் விழுந்துவிடும் என்று சாயோகோ பிடித்துக்கொள்ள, தங்கபுஷ்பம் நிறுத்தத்திலேயே நின்று பேசினாள்.

"எம்மா, கால் ரெண்டும் வீங்கிட்டு. நாளைக்கு அட்மிட் ஆவச் சொல்லிட்டாவ. நீ வருவியாம்மா?"

அந்த நேரம் பார்த்து யாரோ பார்த்தார்கள். நாலு வினாடி.

"எம்மா? இருக்கியா?"

"இருக்கேன். நான் எப்படியாச்சும்..." நாலு வினாடி.

"இழுத்து இழுத்துப் பேசாத. வர முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு."

"நான் இழுக்கலட்டி, என்னையத்தான்..." நாலு வினாடி.

"ஊருக்கெல்லாம் நிக்க. கேக்கவன் கேட்ட நேரத்துக்கு நிக்க. பெத்த பிள்ளைக்கு மட்டும் ஒன்னால வர முடியல" என்றாள் சுபா. பிறகு குரல் இறங்கி, "பயமா இருக்கும்மா" என்றாள். தங்கபுஷ்பம் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது முகம் கடல் பக்கம் போயிற்று. திரும்பி வந்தபோது போன் வைக்கப்பட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு இழுப்பு வந்தது, போகவில்லை.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. யாரோ போட்டோ எடுக்க நிறுத்தியிருப்பான் என்று பார்த்தால், பத்து நிமிஷம் ஆகியும் அவள் அப்படியே நின்றாள். முகம் பாதி திரும்பி, முந்தானை வலப் பக்கம் பறந்து, பறந்த இடத்திலேயே கல்லாகி. "எவம்லே படத்த நிப்பாட்டி வச்சிருக்கது?" என்று சுடலைமணி வண்டியை விட்டு இறங்கிக் கத்தினான். அங்கே நின்ற ஜப்பான்காரர், சென்னைக்காரர், படத்துப் பள்ளிக்கூடப் பெண்போல வேஷம் கட்டி வந்திருந்த மதுரைக் கல்லூரிப் பெண்கள் எல்லாரும் அவசர அவசரமாகப் போனைத் திறந்து காட்டினார்கள். யார் போனிலும் நிற்கவில்லை. ஓட்டிப் பார்த்தார்கள், படத்தில் அவள் திரும்பினாள், நேரில் அசையவில்லை. எங்கேயோ ஒருவர் பிடித்திருந்த பிடி மற்ற எல்லாப் பிடியையும்விட இறுக்கமாக இருந்தது.

மணி பதினொன்று ஆயிற்று. வெயில் அவள் நெற்றிக்கு வந்தது. சாயோகோ தன் சின்னக் குடையை விரித்துப் பிடித்தாள். கை வலித்தபோது வேஷம் கட்டிய பெண் ஒருத்தி வாங்கிப் பிடித்தாள். அப்புறம் சுடலைமணி, வண்டி நிறைய ஆட்கள் கத்தக் கத்த, பத்து நிமிஷம் பிடித்துவிட்டுப் போனான். ஞானதுரை மைக்கைப் பிடித்துவிட்டு, என்ன அறிவிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டார். அந்த ஊர் அதுவரை அவளை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. நாலு வினாடிக்கு மேல் பார்த்தபோதுதான், நெற்றியோரம் நரைத்திருப்பதும் கழுத்து எலும்பு துருத்தியிருப்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. வரைந்தவர் அதையெல்லாம் வரைந்துதான் இருந்தார். யாரும் பார்க்கவில்லை.

உள்ளே தங்கபுஷ்பம் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணுக்கு முன்னால் கடல். அதுவும் அசையவில்லை, ஏறிய அலை ஏறியபடி நின்றது. பார்க்கிறவன் யாரோ படத்தை மறந்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான், இன்றைக்குப் பார்த்தா, இன்றைக்கு என் பிள்ளை அங்கே தனியாக... என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, வாளி இல்லாத இடது கையின் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

கையை அவளால் பார்க்க முடியவில்லை. ஆனால் பிடி தெரிந்தது. மெல்லத் தொடங்கி, இறுகி, இன்னும் இறுகி, தாங்க முடியாத இடத்தில் சற்று நின்று, தளர்ந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி பிடி.

மூன்றாவது பிடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பிள்ளை பெற்றவள் அவள். இந்தக் கணக்கு அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை. பிறகு பத்து. பன்னிரண்டு மணி வெயிலில் ஐந்து. ஒரு தடவைகூடப் பார்க்காதவள் பார்த்திருக்கிறாள்; பார்த்து, நிறுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தங்கபுஷ்பம் அந்தக் கையைத் திருப்பிப் பிடிக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. மூச்சை அடக்காத, விடு மக்கா, விடு என்று சொல்லப் பார்த்தாள், உதடு வரைந்தபடியே இருந்தது. தலையைத் தடவ முடியவில்லை, வியர்வையைத் துடைக்க முடியவில்லை, இந்தா தண்ணி என்று ஒரு மடக்கு கொடுக்க முடியவில்லை. நின்ற அலையைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டும் முடிந்தது. நின்றாள். அவள் ஆயுசில் ஒருவருக்காகவும் அப்படி நின்றதில்லை.

மூன்று நிமிஷம். இரண்டு. பிறகு நடுவில் இடைவெளியே இல்லை. எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு பிடி பிடித்து, பிடித்தபடியே இருந்து, அவளுக்குள் ஏதோ அலறி...

விட்டது.

அலை உடைந்து கரையில் விழுந்தது. முந்தானையும் வாளியும் மறைந்தன. தங்கபுஷ்பம் அப்படியே மடங்கித் தரையில் உட்கார, குடையைப் போட்டுவிட்டு சாயோகோ தாங்கிக்கொண்டாள். கூட்டம் "மைனி, அக்கா, தண்ணி, தண்ணி" என்று நெருங்கியது. அவளுடைய இடது மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"பெத்துட்டா" என்றாள்.

"யாருக்கா?" என்றார் ஞானதுரை.

அவள் பதில் சொல்வதற்குள் கட்டிலில் கிடந்த போன் அடித்தது. சாயோகோ ஓடிப்போய் எடுத்து வந்து ஸ்பீக்கரில் போட்டாள். மருமகன்தான், மூச்சு வாங்கப் பேசினான். "அத்தை! பொம்பளப் பிள்ள! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. உள்ள கூட்டிப்போகும்போது செல்போன விடவே மாட்டேன்னுட்டா அத்தை. நர்ஸம்மா வாங்கி வாங்கிப் பாத்துச்சு, குடுக்கலயே. நெஞ்சோட புடிச்சுக்கிட்டு, 'எங்கம்மா நிக்கா, எங்கம்மா நிக்கா'ன்னே சொல்லிக்கிட்டு இருந்தாளாம். இப்பதான் கையத் தளத்தினா. இருங்க, புள்ளையக் கேளுங்க."

போனுக்குள் ஏதோ துணி உரசியது. யாரோ ஏதோ சொன்னார்கள். பிள்ளை அழப்போகிறது என்று தெரிந்து தங்கபுஷ்பம் இரண்டு கையாலும் போனைப் பிடிக்கப் போன அந்த நொடியில், எந்த ஊரிலோ யாரோ ஏழாம் பகுதியைத் திறந்தார்கள்.

கையில் வாளி வந்தது. முகம் கடல் பக்கம் திரும்பியது. பின்னால், சாயோகோ உயர்த்திப் பிடித்த போனிலிருந்து, பிள்ளை அழத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. முகம் திரும்பி வந்தபோதும் அந்த ஒரே அழுகை மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தது, பஸ் நிறுத்தம் முழுக்கக் கேட்கும்படி, நல்ல நெஞ்சுரமாக.